தனியேலா அத்தை மடியில் உட்கார்ந்த படம்

ஒரு வயது ஆகப்போகிற பிள்ளையைப் படம் எடுப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள், நனிசியின் ஸ்டுடியோவுக்கு ஒரு சனிக்கிழமை காலை வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். மூன்று மாதத்துப் பிள்ளை போட்ட இடத்தில் கிடக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு மிட்டாயைக் காட்டிக் காரியம் சாதிக்கலாம். நடுவில் இருக்கிற இந்தப் பத்து, பதினோரு மாதத்து ஜென்மங்கள்தான் உயிரை எடுக்கும். தன் அம்மா யார், மற்றவர்கள் யார் என்று அப்போதுதான் கண்டுபிடித்திருக்கும். கண்டுபிடித்ததை ஊருக்கெல்லாம் கத்திச் சொல்லிக்கொண்டிருக்கும்.

தொங்கா தீவு நாட்டில் முதல் பிறந்தநாளுக்குப் படம் இல்லாமல் முடியாது. பன்றி சுடுவதைக்கூட விட்டுவிடுவார்கள், படத்தை விடமாட்டார்கள் என்று நனிசி சொல்லுவாள். அது பொய், பன்றியையும் விடமாட்டார்கள். பந்தல் வாசலில் ஆள் உயரத்துக்குப் பிள்ளையின் பேனர் தொங்க வேண்டும், பக்கத்தில் குடும்பப் படம் வேண்டும். யார் நடுவில், யார் ஓரத்தில், யார் தலை யார் தலைக்கு மேலே என்று விருந்துக்கு வருகிற ஒவ்வொருவரும் நின்று நிதானமாகப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்கள்.

நனிசி வெளிநாட்டில், ஆக்லாந்து நகரத்தில் ஒரு கடைவளாகத்து ஸ்டுடியோவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, புருஷனோடு ஒத்துவராமல் தலைநகர் நுக்குவலோஃபாவுக்கே திரும்பி வந்தவள். சந்தைக்குப் பின்னால் தையற்கடை மாடியில் அவளுடைய ஸ்டுடியோ. பிள்ளையை எப்படிச் சிரிக்க வைப்பது என்று ஆக்லாந்தில் கற்றுக்கொண்டாள். யாரை எங்கே உட்கார வைப்பது என்று சொல்லித்தர அங்கே ஆளில்லை. ஊர் திரும்பிய புதிதில் அந்த விஷயத்தில் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டாள். இப்போதும் அவ்வப்போது வாங்குகிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கலோ மாடியேறி வந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஃபெலெதியின் பெண்டாட்டி, ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிறவள். மறுநாள் காலை குடும்பத்தோடு படம் எடுக்க ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். இப்போது எதற்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று நனிசி ஒரு நிமிஷம் யோசித்தாள். அப்புறம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம்தான்.

ஃபெலெதியின் அக்கா லெசியெலி வாவாவு தீவில் போதகரின் மனைவி. ஐம்பதை நெருங்கிவிட்டாள், பிள்ளை இல்லை. கலோவுக்கு இரண்டாவதாக ஆண் பிறந்தபோது தனியேலா என்று பெயர் வைத்தது அவள்தான். அத்தை வைக்காமல் வேறு யார் வைப்பது? இப்போது முதல் பிறந்தநாளுக்குக் கப்பலில் வந்து இறங்கியவள், வந்த அன்றே சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, “இவனை நான் வளக்கறேன். போகும்போது கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டாள். கேட்கவில்லை, சொன்னாள். அங்கே அத்தை என்றால் அப்படி. தம்பி வீட்டில் பாய் வேண்டுமா, பன்றி வேண்டுமா, பிள்ளை வேண்டுமா, அவள் வாய் திறந்தால் எடுத்துக் கொடுப்பதுதான் முறை. இல்லை என்கிற வார்த்தை தம்பிக்கும் கிடையாது, தம்பி பெண்டாட்டிக்குக் கிடையவே கிடையாது. இந்தக் காலத்தில் யார் அப்படிப் பிள்ளை கேட்கிறார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. லெசியெலி கேட்டாள். திங்கட்கிழமை விருந்து, செவ்வாய்க்கிழமை கப்பல்.

“அக்கா, நாளைக்கு அவன் அழுவான்” என்றாள் கலோ.

“எல்லாப் புள்ளையும்தான் அழுவுது. அதுக்குத்தானே நான் இருக்கேன்.”

“அதான் சொல்ல வந்தேன். நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க.”

“என்னடி சொல்ற?”

“அவங்க தூக்கினாலே கத்தறான். உடம்பை வெறைச்சுக்கிட்டுப் பின்னாடி சாயறான். நாளைக்கும் கத்துவான். கத்தட்டும். கிலுகிலுப்பை ஆட்டாதீங்க, பூனை மாதிரி கத்தாதீங்க. அந்தத் துணி வித்தையும் வேணாம்.”

துணி வித்தை என்றது நனிசியின் பேர்போன வேலையை. எதற்கும் அடங்காத பிள்ளையென்றால் அம்மாவை உட்கார வைத்து, தலையோடு சேர்த்துத் துணியால் மூடி, அவள் மடியிலேயே பிள்ளையை வைத்து எடுப்பாள். படத்தில் பார்த்தால் துணி விரித்த ஆசனத்தில் பிள்ளை ராஜா மாதிரி தனியாக உட்கார்ந்திருக்கும். நனிசி கடையில் நாற்காலிக்கும் தும்மல் வரும் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

“ஏன்டி, கத்தற மூஞ்சியைப் பேனர்ல போட்டா என் பொழப்பு என்ன ஆகறது?” என்றாள் நனிசி.

“என்னால இல்லைன்னு சொல்ல முடியாது அக்கா. ஃபெலெதியாலயும் முடியாது. அவன் ஒருத்தன்தான் சொல்லுவான். அவனுக்கு இன்னும் முறை தெரியாது.”

நனிசிக்குக் கோபம் வந்தது. உங்கள் வீட்டுப் பிரச்சினையை எதற்கு என் கேமராவுக்கு முன்னால் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்க நினைத்தாள். ஆனால் கலோவின் முழங்கையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்ததும், வேலையிலிருந்து பாதியில் ஓடி வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. கேட்க மனசு வரவில்லை.

“போ. பாக்கலாம்” என்றாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஐந்து பேரும் வந்து சேர்ந்தார்கள். எல்லார் இடுப்பிலும் விசேஷத்துக்குக் கட்டுகிற பாய், தனியேலாவின் இடுப்பில்கூடக் கைக்குட்டை அளவுக்கு ஒரு பாய். தேங்காயெண்ணெய் தடவி அவனை மினுங்க வைத்திருந்தார்கள். நான்கு வயது மாஃபி தலையில் பூச்சரத்தோடு, யாரையாவது அதட்ட வேண்டும் என்கிற முகத்தோடு வந்தாள். ஃபெலெதி தோளில் சுருட்டிய பட்டைத் துணி ஒன்றைச் சுமந்து வந்தான். மரப்பட்டையை அடித்து ஒட்டிக் கோலம் போட்ட துணி. பிள்ளைக்காக லெசியெலி வாவாவுவிலிருந்து கொண்டுவந்த சீர் அது.

லெசியெலி கடைசியாகப் படியேறி வந்தாள். பெரிய உடம்பு, நிதானமான நடை. நனிசி மனசுக்குள் ஒரு பிசாசை எதிர்பார்த்து வைத்திருந்தாள். வந்தவள் பிசாசு இல்லை, அதுதான் சங்கடம்.

“நீதான் பூனை மாதிரி கத்தற பொம்பளையா?” என்றாள் லெசியெலி.

“ஆமாங்க போதகரம்மா. நாய் மாதிரியும் கத்துவேன். அதுக்குத் தனிக் காசு.”

“எங்க சபையில ஒருத்தர் பாடறதே அப்படித்தான் இருக்கும். அவர் காசு கேக்கறதில்ல.”

நனிசிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பிடித்ததற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

பட்டைத் துணியைப் பின்னால் விரித்து மாட்டினார்கள். மிச்சம் நிறைய இருந்தது, தரையிலும் படர்ந்தது. நடுவில் உயரமான நாற்காலி போட்டு லெசியெலியை உட்கார வைத்தாகிவிட்டது. அடுத்தது யாரை எங்கே என்று பார்க்கும்போது, பழைய பழக்கத்தில் நனிசியின் வாயிலிருந்து ஆக்லாந்து வந்துவிட்டது.

“ஃபெலெதி, நீ அக்காவை ஒட்டி இந்த ஸ்டூல்ல உக்காரு. கையை அவங்க நாற்காலி மேல போட்டுக்க.”

ஃபெலெதி கூரையைப் பார்த்தான். கலோ தரையைப் பார்த்தாள். அக்காவும் தம்பியும் வளர்ந்த பிறகு ஒரே பெஞ்சில்கூட உட்காராத ஊரில், தோளில் கை போடாத குறையாக ஒரு யோசனை. மாஃபிதான் அதட்டினாள்.

“அப்பா அத்தைகிட்ட உக்காரக் கூடாது. உனக்குத் தெரியாதா?”

“ஆக்லாந்துல எல்லாரும் எல்லார் மடியிலயும் உக்காருவாங்க போல” என்றாள் லெசியெலி.

நனிசி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதன்பிறகு ஃபெலெதியைப் படத்தின் வலது ஓரத்தில் தரைப்பாயில் உட்கார வைத்தாள். நின்றால் தலை உயர்ந்துவிடும். அக்காவிடமிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி அவனே உட்கார்ந்துகொண்டான். இன்னும் அரையடி தள்ளியிருந்தால் படத்திலேயே இருந்திருக்கமாட்டான். இடது பக்கம் கலோவும் மாஃபியும். கலோ எழுந்து போய்த் தனியேலாவை லெசியெலியின் மடியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, விரல்களைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் திரும்புவதற்குள் ஆரம்பித்துவிட்டான். முதலில் உதடு பிதுங்கியது. பிறகு சத்தமே இல்லாமல் வாய் மட்டும் திறந்தது. நனிசிக்கு அந்த இடைவெளி நன்றாகத் தெரியும். எவ்வளவு நேரம் சத்தம் வராமல் இருக்கிறதோ அவ்வளவு பெரிதாக வரப்போகிறது என்று அர்த்தம். வந்தபோது கீழே தையற்கடையில் மிஷின் நின்றது.

லெசியெலிக்குப் பிள்ளையைப் பிடிக்கத் தெரியவில்லை. தளும்பத் தளும்பக் குழம்பு ஊற்றிய சட்டியைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள். அவன் விறைத்தான், வழுக்கினான், எண்ணெய் வேறு. அவள் சின்னக் குரலில் ஒரு பாட்டுப் பாடிப் பார்த்தாள். வெல்லப் பணியாரம் ஒன்றைக் காட்டிப் பார்த்தாள். அவன் அதைத் தட்டிவிட்டான், அது ஃபெலெதியின் பக்கம் உருண்டு போயிற்று. ஃபெலெதி அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தான்.

“ஏன் சும்மா நிக்கற?” என்றாள் லெசியெலி நனிசியிடம். “வித்தையெல்லாம் காட்டுவியாமே.”

“மொதல்ல அவனாப் பழகட்டும்மா. கொஞ்ச நேரம் விட்டுப் பாக்கலாம்.”

வாழ்க்கையில் அவள் பிள்ளைகள் விஷயத்தில் சொன்ன பெரிய பொய் அதுதான். இந்த வயதில் கொஞ்ச நேரம் விட்டால் பழகாது, அழுகைதான் முற்றும். அவள் பையில் கிலுகிலுப்பை இருந்தது, கையெட்டும் தூரத்தில் இறகுத் துடைப்பம் இருந்தது. கை நமநமவென்றது. கேமராவின் பின்னால் ஒளிந்துகொண்டு, கத்துகிற முகத்தை இரண்டு மூன்று தடவை எடுத்து வைத்தாள்.

“தம்பிகிட்டச் சொல்லு மாஃபி, அத்தை ஒண்ணும் கடிக்கமாட்டேன்னு” என்றாள் லெசியெலி. சிரிக்கத்தான் பார்த்தாள். காதோரம் வேர்த்திருந்தது. தம்பி முன்னால், தம்பி பெண்டாட்டி முன்னால், முன்பின் தெரியாத ஒரு கேமராக்காரி முன்னால் ஒரு சுண்டைக்காய்ப் பயல் தன்னை வேண்டாம் என்கிறான். ஊரில் எல்லாரும் குனிந்து வழிவிடுகிற பெண்பிள்ளைக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நனிசிக்கு அப்போது புரிந்தது.

“அக்கா, நான் வேணா கொஞ்சம் வாங்கிக்கட்டுமா?” என்றான் ஃபெலெதி, யாரையும் பார்க்காமல்.

“கலோ, உன் புருஷன்கிட்டச் சொல்லு. எனக்கும் பழகணும்ல. கப்பல்ல வெச்சுக் கத்தினா யார்கிட்டக் குடுப்பேன்? மாலுமிகிட்டயா?”

அவள் விடவில்லை. தனியேலாவும் விடவில்லை. குடித்த பாலைக் கக்கினான், அவளுடைய இடுப்புப் பாயில் வழிந்தது. அப்புறம் கேவல் மாறிவிட்டது. ஒவ்வொரு கேவலுக்கும் நடுவில் மூச்சு நின்று நின்று வந்தது, உதட்டைச் சுற்றி நிறம் மாறியது. நனிசி கலோவைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம்தான் பொறு, பெண்ணே, அவன் ஜெயித்துக்கொண்டிருக்கிறான் என்று கத்தலாம் போல இருந்தது.

கலோ எழுந்துவிட்டாள்.

“துணி எடுங்க அக்கா. நான் உள்ள போறேன்.”

நனிசி அவளை விளக்குக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். “பைத்தியமாடி உனக்கு? நேத்து நீதானே சொன்ன?”

“அவனுக்கு மூச்சு முட்டுது.”

“முட்டாது. நான் எத்தனை புள்ளையைப் பாத்திருக்கேன். இன்னும் அஞ்சு நிமிஷம். அவங்களே குடுத்துருவாங்க.”

“உங்களுக்கு முட்டல. எனக்கு முட்டுது. என்னால கேட்டுக்கிட்டு உக்கார முடியல அக்கா.”

நனிசி தன்னுடைய சாம்பல் நிறத் துணியை எடுக்கப் போனாள். லெசியெலிதான் தடுத்தாள். “அது எதுக்கு? இதையே போடு, இவ்வளவு கெடக்கே” என்று தரையில் படர்ந்திருந்த பட்டைத் துணியைக் காட்டினாள்.

கலோ லெசியெலியின் நாற்காலிக்குக் கீழே, அவளுடைய இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தரையில் போய் உட்கார்ந்தாள். முதுகு நாற்காலியில் சாய்ந்திருந்தது, தோள் இரண்டும் லெசியெலியின் முட்டிகளில் இடித்தன, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். தம்பி பெண்டாட்டிக்கு அது முறையான இடம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. நனிசி பட்டைத் துணியைத் தூக்கி அவள் தலைமேல் போட்டு இழுத்து மடிப்புகளைச் சரிசெய்தாள். முரட்டுத் துணி, காற்று போகாது. பிறகு தனியேலாவைத் தூக்கி, துணிக்கு மேலே கலோவின் மடி இருக்கிற இடத்தில் வைத்தாள்.

துணிக்கு அடியிலிருந்து இரண்டு கைகள் அவன் இடுப்பைப் பிடித்தன.

அவன் கேவலை நிறுத்தவில்லை, ஆனால் தலையைத் திருப்பினான். துணியைத் தட்டிப் பார்த்தான். முகத்தை அதில் வைத்து அழுத்தினான். மூன்று கேவல், இரண்டு கேவல், ஒன்று. பிறகு பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணீரும் சளியுமாக உலகத்தைப் பார்த்தான்.

“அம்மா எங்க?” என்றாள் மாஃபி.

“உங்கம்மா நாற்காலியாயிட்டா” என்றாள் நனிசி.

மாஃபி குனிந்து துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, “நாற்காலி உள்ள இருக்கு” என்று எல்லாருக்கும் அறிவித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

இனி தயங்கிப் பிரயோஜனமில்லை. நனிசி பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டாள், நெற்றியில் வழிந்த எண்ணெயை ஒற்றி எடுத்தாள், லெசியெலியை முன்னால் குனியச் சொல்லி அவள் கைகளைப் பிள்ளையின் வயிற்றைச் சுற்றிக் கோத்து வைத்தாள். “இறுக்கிப் புடிக்காதீங்கம்மா. சும்மா வையுங்க. அவன் விழமாட்டான்.” இறகுத் துடைப்பத்தைத் தன் தலையில் சொருகிக்கொண்டு பூனை மாதிரி கத்தினாள். தனியேலா யோசித்தான். இன்னொரு தரம் கத்தினாள். இரண்டு பல்லும் தெரியச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து லெசியெலியும் சிரித்தாள். கேமராவுக்காகச் சிரித்ததில்லை அது. தன் கைக்குள்ளே ஒரு பிள்ளை குலுங்கிச் சிரித்தால் எந்தப் பொம்பளைக்கும் வருகிற சிரிப்பு.

நனிசி எடுத்தாள். படத்தில் பிள்ளை அத்தை மடியிலேயே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. எடுத்தபோதே தெரிந்துவிட்டது, இந்த வருஷத்திலேயே நல்ல படம் இதுதான் என்று. அவளுக்கு ஒரே சமயத்தில் பெருமையாகவும் அருவருப்பாகவும் இருந்தது.

மேலும் எடுத்துக்கொண்டே போனாள். ஏழெட்டுப் படத்துக்கு அப்புறம் லெசியெலியின் முகம் மாறியது. வாய் அப்படியே சிரித்தபடி இருந்தது, கண் மட்டும் கேமராவை விட்டுக் கீழே போயிற்று. என்ன பார்க்கிறாள் என்று நனிசியும் பார்த்தாள். பட்டைத் துணி அதிர்ந்துகொண்டிருந்தது. பிள்ளை காலை உதைக்கிறான் என்று நினைத்தாள். பிள்ளை விரல் சூப்பிக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

சத்தம் துளிகூட இல்லை. துணிக்குள் தோள் மட்டும் குலுங்கியது. படத்தில் அது விழாது, ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஃபெலெதிக்கும் தெரியாது. லெசியெலியின் முட்டிகளுக்கு மட்டும் தெரிந்தது.

வேறென்ன செய்வதென்று தெரியாமல் நனிசி இன்னும் இரண்டு படம் எடுத்தாள். லெசியெலி பிள்ளையின் வயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்து, துணிக்குள் கலோவின் தலை துருத்திக்கொண்டிருந்த மேட்டின்மேல் வைத்தாள். வைத்தபடியே, சபையில் அறிவிப்பு வாசிக்கிற குரலில் சொன்னாள்:

“மாஃபி, அப்பாவைக் கூட்டிட்டுப் போயி வேன்கிட்ட நில்லு. பெரியவங்களுக்குக் கொஞ்சம் வேலை இருக்கு.”

ஃபெலெதி கையில் பணியாரத்தோடு எழுந்து போனான். படியில் அவர்கள் காலடிச் சத்தம் நின்றதும் லெசியெலி துணியின் பக்கம் குனிந்தாள்.

“எவ்வளவு நேரமா அழுவற?”

துணி மூக்கை உறிஞ்சியது.

“பெரியவ கேக்கறேன்ல.”

“அழல அக்கா” என்றது துணி. “வேர்க்குது.”

“என் முட்டி ரெண்டும் ஆடுது. வேர்வை ஆட்டுமா?”

நனிசி விளக்கை அணைக்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டாள். வெளியே போகலாமா என்று யோசித்தாள். போகவில்லை. அந்த நேரத்தில் அவளை அங்கிருந்து கிளப்ப யாராலும் முடிந்திருக்காது.

“போதகர் தொட்டில் செஞ்சு வெச்சிருக்காரு” என்றாள் லெசியெலி. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. “அவருக்கு ஆணி அடிக்கவே தெரியாது. ஒரு கால் குட்டை. அடியில வேதப் பாடப் புஸ்தகத்தை முட்டுக் குடுத்து வெச்சிருக்காரு. நான் சிரிச்சேன். அவருக்குக் கோவம் வந்துடுச்சு.”

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். பிள்ளையின் காதைத் தொட்டுப் பார்த்தாள். கலோவின் கை அடியில் இருந்ததால் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

“கேளு கலோ. நான் கேட்டது கேட்டதுதான். நீங்க குடுத்தது குடுத்ததுதான். இவன் எம் புள்ள. அதுல மாத்தமில்ல.”

துணியின் அதிர்வு நின்றுவிட்டது.

“ஆனா இப்படிக் கத்தறவனை வீட்ல வெச்சுக்கிட்டு அந்த மனுஷன் எப்படிப் பிரசங்கம் எழுதுவாரு? பாதி சபை ஓடிடும். இவன் கத்தி அடங்கற வரைக்கும் நீயே வளத்துக் குடு. எம் புள்ளைன்னு நெனச்சு வளக்கணும். மெலிஞ்சு போனான், சளி புடிச்சுதுன்னு என் காதுக்கு வந்துதோ, அடுத்த கப்பல்ல வந்து நிப்பேன்.”

“சரி அக்கா” என்றது துணி.

“எப்பம்மா அடங்குவான்?” என்று நனிசி கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது. சில சமயம் வாய் முந்திக்கொள்கிறது.

லெசியெலி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “இவங்கப்பன் சின்னதுல கத்தினானே ஒரு கத்து, அது இன்னும் என் காதுல இருக்கு. இது அந்த வம்சம். அடங்கறது கஷ்டம்தான்.” பிறகு, “துணியை எடு. உள்ள அவ வெந்துபோயிடுவா” என்றாள்.

கலோ வெளியே வந்தாள். தலை கலைந்து, கண் வீங்கி, கன்னத்தில் பட்டைத் துணியின் தடம் விழுந்திருந்தது. லெசியெலியின் கால் பக்கம் குனிந்தபடியே இருந்தாள். லெசியெலி தன் கைக்குட்டையை நீட்டி, “மூஞ்சியைத் துடை. பேனர்ல இந்த மூஞ்சியைப் போட்டா யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சுப்பாங்க” என்றாள்.

ஃபெலெதியையும் மாஃபியையும் திரும்பக் கூப்பிட்டார்கள். என்ன நடந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளை கலோவின் மடியில் இருப்பதைப் பார்த்தான், அக்காவைப் பார்க்கவில்லை, ஓரத்தில் போய் உட்கார்ந்தான். அவன் முகம் இழுத்துக்கொண்டு போயிற்று, அதைச் சரிசெய்ய நனிசி இன்னொரு தரம் பூனையாக வேண்டியிருந்தது. நடுவில் உயரத்தில் லெசியெலி, கீழே கலோவும் பிள்ளையும் என்று எடுத்த அந்தப் படம்தான் பேனருக்குப் போயிற்று.

எல்லாரும் கீழே இறங்கிய பிறகு லெசியெலி மட்டும் தங்கினாள். “எடுத்ததைக் காட்டு” என்றாள்.

நனிசி கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். கத்துகிற படங்கள் போயின. பேனர் படம் வந்தது, நன்றாயிருக்கிறது என்று தலையாட்டினாள். “பின்னாடி போ” என்றாள். நனிசி பின்னால் போனாள். தனியேலா இரண்டு பல்லும் தெரியச் சிரிக்க, அவன் வயிற்றைச் சுற்றிக் கை கோத்து லெசியெலி சிரிக்கிற அந்த முதல் படம் வந்ததும், “நிறுத்து” என்றாள்.

ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இது எனக்கு. சுவத்துல மாட்டற மாதிரி பெருசாப் போட்டுக் குடு.”

“கலோவும் புள்ளையும் இருக்கற படமும் ஒண்ணு போட்டுடட்டுமா?”

“அது அவங்க வீட்டுக்கு. எனக்கு இது போதும்.” விரலைத் திரையில் வைத்தாள். “இது என்ன?”

நனிசி பெரிதாக்கிப் பார்த்தாள். பிள்ளையின் இடுப்புக்குப் பக்கத்தில், துணியின் மடிப்புக்கு வெளியே, கலோவின் விரல் நுனிகள் நான்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. இந்த வித்தையில் எப்போதும் வருகிற கோளாறு. பிள்ளையை இறுக்கிப் பிடிக்கிற அம்மாக்கள் கையை உள்ளேயே வைத்திருக்கமாட்டார்கள்.

“விரலும்மா. கலோவோடது.”

“அது அப்படியே இருக்குமா?”

“கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாம். அழிச்சா தெரியவே தெரியாது.” சொல்லிவிட்டு நனிசி காத்திருந்தாள். இருக்கட்டும், விடு என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். இவ்வளவு பெரிய மனசுக்காரி அப்படித்தான் சொல்வாள் என்று நினைத்தாள்.

லெசியெலி பால் கறை காய்ந்திருந்த தன் இடுப்புப் பாயைச் சரிசெய்துகொண்டாள்.

“அழிச்சிடு” என்றாள்.

மறுநாள் ஞாயிறு, ஊரில் யாரும் கையை அசைக்கமாட்டார்கள். அதனால் நனிசி சனிக்கிழமை மத்தியானமே உட்கார்ந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக அழித்தாள். அவை இருந்த இடத்தில் பட்டைத் துணியின் கோடுகளை இழுத்து மூடினாள். அழுகை வந்தது. கலோவுக்காக இல்லை.

செவ்வாய்க்கிழமை அக்காவைக் கப்பலேற்றிவிட்டு வந்த ஃபெலெதி, விருந்தில் மிஞ்சிய பன்றிக்கறியை நனிசிக்குக் கொடுக்க வந்தான். பெட்டி, பாய், மூட்டை எல்லாவற்றையும் அவனையே தூக்க வைத்தாளாம். தாள் சுற்றிய அந்தப் படத்தை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லையாம். கப்பலில் இடம் தாராளமாக இருந்தும் பக்கத்தில் வைக்கவில்லை, மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னான்.